வாசலில் ஒரு ராத்திரி

எங்கள் கோரிமேட்டில் பக்கத்து வீட்டு அண்ணன் ரிட்டயர் ஆன கையோடு ஒரு பழைய வேன் வாங்கினார். உள்ளே இரண்டு படுக்கை போட்டு, அந்த மாற்றத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறைப்படி பதிவும் செய்துவிட்டார். ராமேஸ்வரம் வரை போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மின்சாரம் பற்றி நான் இந்தப் பகுதியில் எழுதுகிறேன் அல்லவா... ஒருநாள் காலையில் காபி டம்ளரோடு வந்துவிட்டார்.

"தம்பி, கடையில 2,000 வாட்ஸ் இன்வெர்ட்டர் ஆஃபர்ல இருக்கு. வாங்கிடவா? ஏ.சி. தவிர எல்லாம் ஓடணும்."

"எல்லாம்னா என்னென்ன அண்ணே?"

லைட், ஃபேன், போன் சார்ஜர், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு என்று அடுக்கினார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "அப்புறம் அண்ணியோட மெஷின்" என்றார்.

அண்ணிக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் பிரச்னை. டாக்டர் சொன்னபடி ராத்திரி முழுக்க சிபாப் கருவியை மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கரன்ட் போய்விட்டது. அன்று விடிய விடிய அண்ணி சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். அதிலிருந்து வெளியூரில் ராத்தங்கல் என்றாலே, "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். வேன் வாங்கியதே அதற்காகத்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இன்வெர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்காது. பேட்டரியில் இருக்கும் 12 வோல்ட்டை, வீட்டில் வரும் 230 வோல்ட்டாக மாற்றித் தரும், அவ்வளவுதான். அப்படி மாற்றும்போது பத்திலிருந்து பதினைந்து சதவிகிதம் சூடாக வீணாகும். அதனால் கடைக்குப் போகும் முன் இன்வெர்ட்டர் எத்தனை வாட்ஸ் என்று பார்ப்பதைவிட, பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

கணக்கு சுலபம். கரன்ட் பில்லில் வரும் 1 யூனிட் என்பது 1,000 வாட்ஸ் சாமான் ஒரு மணி நேரம் ஓடுவது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 12 x 100 = 1,200. அதாவது 1.2 யூனிட். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆக, நம் கைக்கு வருவது 0.6 யூனிட்.

அண்ணன் சொன்ன 1,800 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு இருபது நிமிடம் ஓடினால் எவ்வளவு தெரியுமா? அதே 0.6 யூனிட். ஒரு வேளை சோறு பொங்கி இறக்கினால் அன்றைய ராத்திரிக்கு ஒன்றும் மிஞ்சாது.

"அப்போ அடுப்பு வேணாம்பா. புளியோதரை கட்டிக்கலாம்" என்றார் அண்ணி, உள்ளேயிருந்தே. மிக்ஸியும் பட்டியலிலிருந்து போயிற்று.

மிச்சம் இருந்ததில் லைட்டும் ஃபேனும் 12 வோல்ட்டிலேயே ஓடும் வகையாகக் கிடைக்கின்றன. போனுக்கு 12 வோல்ட் சாக்கெட் போதும். 230 வோல்ட் தேவைப்பட்டது சிபாப் கருவிக்கு மட்டும்தான். அதற்கு 2,000 வாட்ஸ் எதற்கு? 600 வாட்ஸ் இன்வெர்ட்டரே தாராளம். சில கருவிகளுக்கு 12 வோல்ட்டிலிருந்து நேரடியாக ஓட்டும் அடாப்டரை அந்தந்த கம்பெனியே தருகிறது. உங்கள் கருவிக்கு இருந்தால் அதை வாங்குங்கள். இன்வெர்ட்டரில் வீணாவதும் மிச்சம்.

மாட்டும்போது நான் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் சில உண்டு.

முதலாவது, பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர். விலை குறைவான ஸ்கொயர் வேவில் ஃபேன் உறுமும். மருத்துவக் கருவிகளுக்கு அது ஆகாது.

இரண்டாவது, வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் கை வைக்கக் கூடாது. தனி பேட்டரி வேண்டும். இல்லாவிட்டால் காலையில் வேனைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான். இஞ்சின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகவும், நின்றதும் பிரிந்துகொள்ளவும் ஐசோலேட்டர் இருக்கிறது. பிஎஸ்-6 வண்டிகள் சிலவற்றில் அது மட்டும் போதாது, டிசி-டிசி சார்ஜர் தேவைப்படும்.

மூன்றாவது, ஒயர். 12 வோல்ட்டில் 600 வாட்ஸ் எடுத்தால் 50 ஆம்பியருக்கு மேல் ஓடும். வீட்டு ஒயர் அதைத் தாங்காது. 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயரை, ஒரு மீட்டருக்குள் முடிகிற மாதிரி போட வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் கட்டாயம். ஃப்யூஸ் இல்லாத ஒயர் எங்காவது தகரத்தில் உரசினால், அதன் வழியாக நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். தூங்குகிற இடத்தில் தீப்பிடிக்க அது போதும்.

நான்காவது, வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் தண்ணீர் ஊற்றுகிற ட்யூபுலர் பேட்டரி வேனுக்குள் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், வண்டி குலுங்கினால் ஆசிட் சிந்தும். சீல் செய்த பேட்டரியை நன்றாகக் கட்டி வையுங்கள். வசதி இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கலாம். எடை பாதிகூட இருக்காது, 80 சதிவிகிதம் வரை எடுக்கலாம். அதற்கென்று உள்ள சார்ஜர்தான் போட வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், "நாளைக்கே கிளம்பிடலாமா?" என்றார் அண்ணன்.

"இன்னைக்கு ராத்திரி நம்ம வாசல்லயே வேன்ல படுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்."

சிரித்துக்கொண்டே படுத்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு 'பீப் பீப்' என்று அலறியது இன்வெர்ட்டர். பேட்டரி காலி. அண்ணி எழுந்து, யாரிடமும் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். "பார்த்தியா, இதுக்குத்தான் நான் வரலைன்னேன்" என்று அவர் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

காரணம் இரண்டு. ஒன்று என் தப்பு. கருவியில் காற்றை ஈரப்படுத்தும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் 40 வாட்ஸ் என்று நான் போட்ட கணக்கு, அதனால் 90 ஆகிவிட்டது. இன்னொன்று, பேட்டரி பாதிதான் சார்ஜ் ஆகியிருந்தது. ஊருக்குள் இருபது நிமிடம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடாது. பல மணி நேரம் ஓட வேண்டும், அல்லது வீட்டில் சார்ஜரில் போட வேண்டும்.

மறுநாள் அண்ணி தன் டாக்டரிடமே கேட்டார். வெளியூரில் ஓரிரு ராத்திரி ஹீட்டரை நிறுத்திக்கொள்ளலாம் என்றார் அவர். பேட்டரியை முழுக்க ஏற்றினோம். அன்றும் வாசலில்தான் தூக்கம். காலை ஆறு மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது கருவி ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டியிலும் செய்யப்போகிறீர்கள் என்றால், இரண்டு எச்சரிக்கைகள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இந்தக் கணக்கில் அடங்காது. அது 300 வாட்ஸுக்கும் மேல் இழுக்கும். அப்படிப்பட்டவர்களை டாக்டரைக் கேட்காமல் கூட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். அதேபோல, கரன்ட் போன நேரத்தில் வேன் இன்வெர்ட்டரை வீட்டு சாக்கெட்டில் செருகி வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவர நினைக்காதீர்கள். அந்த 230 வோல்ட் லைனுக்குத் திரும்பிப் போனால், புயல் மழையில் கம்பம் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. வேனுக்கு வெளிக் கரன்ட் கொடுக்கும்போதும் இரண்டும் ஒன்றோடொன்று சேராதபடி சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வேண்டும். இதையெல்லாம் தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அதிகாலை பக்கத்து வீட்டு வாசல் காலியாக இருந்தது. பத்து மணிக்கு அண்ணி போன் செய்தார்.

"தம்பி, ராத்திரி மெஷின் நிக்கவே இல்லை. நல்லாத் தூங்கினேன். புளியோதரைதான் கொஞ்சம் உப்பு ஜாஸ்தி."