குரூப் ஸ்டடியில் யார் பேசணும்?

"குரூப் ஸ்டடிக்குப் போயிட்டு வர்றேன்"னு சொன்னதும் வீட்டுல ஒரு பார்வை பார்ப்பாங்களே, அது எல்லாருக்கும் பழக்கமா இருக்கும். 'நாலு பேர் சேர்ந்தா அரட்டைதான், படிப்பு எங்க நடக்கும்?' என்பது பெரியவங்க கட்சி. 'சேர்ந்து படிச்சாத்தான் புரியும்' என்பது நம்ம கட்சி. எனக்கு ரெண்டு கட்சியிலும் முழு நம்பிக்கை கிடையாது. நாலு பேர் சேர்ந்து உட்கார்றது நல்லதா கெட்டதா என்பதை முடிவு பண்ணுறது ஒரே ஒரு விஷயம்: அங்க யார் பேசுறாங்க? நல்லாத் தெரிஞ்சவங்களே பேசிக்கிட்டு இருந்தா அது இன்னொரு டியூஷன். தெரியாதவங்க வாய் திறந்தாத்தான் அது குரூப் ஸ்டடி.

பி.காம் கடைசி வருஷம் படிக்கிற உனக்கு இதுல என்ன அக்கறைன்னு கேட்கலாம். பிளஸ் டூவில் நான் சயின்ஸ் குரூப். 2023-ல் பப்ளிக் எக்ஸாம் எழுதினேன். டெபிட், கிரெடிட் எல்லாம் வந்த பிறகும் கெமிஸ்ட்ரி முழுசா மறந்து போகல. அந்தத் தகுதி போதும்னு நினைக்கிறேன் :-)

ஏன் குறிப்பா கெமிஸ்ட்ரி? நம்ம ஸ்டேட் போர்டு பிளஸ் டூ புத்தகத்தில் 15 பாடம். எழுத்துத் தேர்வு 70 மார்க். ஒரு மார்க் 15, ரெண்டு மார்க் ஆறு, மூணு மார்க் ஆறு, அஞ்சு மார்க் அஞ்சு. ரெண்டு மார்க்கிலும் மூணு மார்க்கிலும் தலா ஒரு கட்டாயக் கேள்வி வேற. கணக்குப் பாடத்தில் புரியலைன்னா அடுத்த வரி எழுத வராது, உடனே தெரிஞ்சிடும். கெமிஸ்ட்ரி அப்படி இல்லை. உலோகவியலையும் பி-தொகுதித் தனிமங்களையும் புரியாமலேயே மனப்பாடம் பண்ணிடலாம். படிச்ச மாதிரியே இருக்கும். அதனாலதான் கெமிஸ்ட்ரி குரூப் ஸ்டடி பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்குது. கிளாஸ் டாப்பர் சத்தமா சொல்லிக்கிட்டே போவாங்க, மத்த மூணு பேரும் "ம்... ம்..." போடுவாங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு நாலு பேருக்கும் திருப்தி. ஆனா அதுல படிச்சது ஒருத்தர் மட்டும்தான்.

ஒரு உதாரணம் சொல்றேன். கார்பனைல் சேர்மங்கள் பாடத்தில் ஆல்டால் குறுக்கமும் கான்னிசரோ வினையும் வரும். எங்க நாலு பேர் கூட்டத்தில் ஒருத்தி காலாண்டுத் தேர்வில் கெமிஸ்ட்ரியில் பெயில். பப்ளிக்கிலும் அப்படி ஆனா படிப்பு போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்னு வீட்டுல பேச்சு ஆரம்பிச்சிருந்தது. அவ ஒருநாள் கேட்டா: "ரெண்டுத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடுதானே போடுறோம்? அப்புறம் ஏன் ஒண்ணுல ஒரு மாதிரியும் இன்னொண்ணுல வேற மாதிரியும் வருது?"

எங்க டாப்பர் உட்பட யாராலும் சட்டுனு சொல்ல முடியல. சமன்பாடு எல்லாருக்கும் மனப்பாடம். காரணம் யாருக்கும் வாயில வரல. புத்தகத்தைப் புரட்டி, பேப்பர்ல போட்டுப் பார்த்து அரை மணி நேரம் போச்சு. அசிட்டால்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கு. நீர்த்த காரம் அதைப் பிடுங்கிடுது, மிச்சம் உள்ளது இன்னொரு மூலக்கூறோட சேர்ந்து ஆல்டால் ஆகுது. பென்சால்டிஹைடில் பிடுங்க ஆல்ஃபா ஹைட்ரஜனே இல்லை. அதனால அடர் காரத்தில் ஒரு மூலக்கூறு ஒடுங்கி பென்சைல் ஆல்கஹாலாகவும், இன்னொண்ணு ஆக்சிஜனேற்றம் அடைஞ்சு சோடியம் பென்சோயேட்டாகவும் மாறுது. இதைக் கடைசியில் எங்களுக்கு விளக்கினது கேள்வி கேட்ட அவளேதான். இன்னிக்கு வரை எனக்கு ஞாபகம் இருக்கிற வினைகள் அந்த ரெண்டும்தான்.

இது எங்க கூட்டத்தோட அதிசயம் ஒண்ணும் இல்லை. ரோடிகர், கார்பிக்கே என்ற ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச டெஸ்டில் முந்தினாங்க. ஒரு வாரம் கழிச்சு வச்சப்போ, புத்தகத்தை மூடிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவங்கதான் முந்தினாங்க. நமக்குப் பரிட்சை அஞ்சு நிமிஷத்தில் இல்லையே! டாப்பர் சொல்றதைக் கேட்கிறதும் திரும்பப் படிக்கிற மாதிரிதான். காதுல விழும்போது எல்லாமே தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

இன்னொரு கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகமாகத் தோற்கிறாங்கன்னு அவங்க கூடவே இருந்து கவனிச்சார். அவங்க உழைப்பில் குறை இல்லை. ஆனா தனித்தனியா உட்கார்ந்து படிச்சாங்க. சீன வம்சாவளி மாணவர்கள் முதல்ல தனியாப் போட்டுப் பார்த்துட்டு, அப்புறம் கூடி ஒருத்தர் தப்பை ஒருத்தர் திருத்திக்கிட்டாங்க. டிரைஸ்மன் என்ன பண்ணினார்? 'பின்தங்கினவங்களுக்கு எளிய பாடம்'னு ஒதுக்கல. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டமா உட்கார வச்சார். அவங்க தேர்ச்சி நல்லா உயர்ந்தது.

கெமிஸ்ட்ரிக்கே இப்படி ஒரு முறை உண்டு. 1990-களில் நியூயார்க் சிட்டி காலேஜில் ஆரம்பிச்சது. அதே பாடத்தை முன்னாடி நல்லாப் படிச்ச ஒரு சீனியர், ஆறேழு பேர் கொண்ட குழுவோட உட்காருவார். ஆனா விடை சொல்றது அவர் வேலை இல்லை. மாணவர்களைப் பேச வைக்கிறதுதான் அவர் வேலை.

இங்க நாம என்ன செய்றோம்? 'மெல்லக் கற்போர்'னு ஒரு பெயர் வச்சு, தனியா உட்கார வச்சு, பாஸ் பண்ண மட்டும் போதுமான மெல்லிசான கையேடு ஒண்ணைக் கையில கொடுக்கிறோம். ஆசிரியர்களைக் குறை சொல்லல, தேர்ச்சி சதவீதம் அவங்க தலையில உட்கார்ந்திருக்கு. ஆனா அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ற செய்தி என்ன? 'உனக்கு இவ்வளவுதான்.' கேள்வி கேட்கிற தைரியம் அங்கேயே செத்துடுது.

"டாப்பருக்கு இதுல நஷ்டம்தானே?" என்ற கேள்வி நியாயமானது. இன்ஜினியரிங் கட்-ஆஃபில் கெமிஸ்ட்ரி 100 மார்க் 50 ஆகச் சுருங்குது. ஒரு மார்க் போனா அரை கட்-ஆஃப் போச்சு. அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா காமர்ஸ்காரியா ஒரு கணக்கு சொல்றேன். பிளஸ் டூ எழுதுறவங்க வருஷத்துக்கு ஏழரை, எட்டு லட்சம் பேர். பக்கத்து பெஞ்ச் தோழி உன்னைத் தாண்டிப் போனா, உன் இடம் ஒண்ணே ஒண்ணுதான் இறங்கும். அவ கேட்ட கேள்வியால உனக்கு ரெண்டு மார்க் கூடினா, எத்தனை பேரைத் தாண்டுவேன்னு நீயே யோசி. நோட்ஸை ஒளிச்சு வைக்கிறது மோசமான வியாபாரம்.

அதனால என் சிபாரிசு எளிமையானது. முதல்ல அவங்கவங்க தனியாப் படிச்சுட்டு வாங்க. வெறுங்கையோட வந்தா கூட்டம் அரட்டைதான், அதுல அப்பாக்கள் சொல்றது சரி. நாலு பேருக்கு மேல வேண்டாம், அஞ்சாவது ஆள் ஒளிஞ்சுக்கலாம். புத்தகத்தை மூடிட்டு, அந்தப் பாடத்தில் ரொம்ப பலவீனமானவங்க முதல்ல சொல்லட்டும். டாப்பர் குறுக்கே பேசாம காத்திருக்கணும் (இதுதான் ரொம்பக் கஷ்டம்!). அவங்க தடுக்குற இடம்தான் அன்னிக்குப் பாடம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பையன்கள் ராத்திரி பத்து மணி வரை ஃபிரெண்ட் வீட்டு மொட்டை மாடியில் படிக்கலாம், பொண்ணுங்க ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும். பல வீடுகளில் இதுதான் சட்டம். அனுப்பப் பயமா இருந்தா, உங்க வீட்டுக் கூடத்தைக் கொடுங்க. நாலு பிள்ளைகளுக்கு டீ போட்டுக் கொடுக்கிறது டியூஷன் ஃபீஸை விட மலிவு.

கான்னிசரோ கேள்வி கேட்டவ பாஸ் பண்ணிட்டா. பெரிய மார்க் இல்லை, பேப்பர்ல போட்டோ வரல. ஆனா இப்போ காலேஜில் படிக்கிறா, மாப்பிள்ளைப் பேச்சு நின்னு போச்சு. இந்த மார்ச்சில் கெமிஸ்ட்ரி எழுதப் போற தம்பி தங்கைகளே, உங்க கூட்டத்தில் 'ம்' மட்டும் போட்டுக்கிட்டு ஓரமா ஒருத்தர் இருப்பாங்க. இன்னிக்குச் சாயங்காலம் அவங்களை முதல்ல பேச விடுங்க.