முறையிடுவது யாரிடம்?

காவல்துறைச் சீரமைப்பு என்றதும் புதிய ஊர்திகளும் புதிய பதவிகளுமே பலர் நினைவுக்கு வருகின்றன. காவலரால் துன்புற்றவர் யாரிடம் சென்று முறையிடுவார் என்னும் வினாவே முதன்மையானது என்பது நம் கருத்து.

ஆங்கிலேயர் 1859-இல் சென்னை மாகாணத்திற்கு இயற்றிய காவல் சட்டம் அத்துறையை அரசின் மேற்பார்வையில் வைத்தது. மக்களுக்கு விடை சொல்லும் கடமையை அதற்கு வகுக்கவில்லை. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குப் புதுநெறிகளை அளித்தது. புலனாய்வைச் சட்டம் ஒழுங்குப் பணியினின்றும் பிரித்தல், தலைமை இயக்குநருக்குக் குறைந்தது 2 ஆண்டுப் பதவிக்காலம், ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் முறையீட்டு ஆணையம் என்பன அவற்றுட் சில.

தமிழ்நாடு 2013-இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. ஆயின், மாநில ஆணையத்தின் தலைமையை அச்சட்டம் உள்துறைச் செயலருக்கே அளித்தது. காவல்துறைத் தலைமை இயக்குநரையும் உறுப்பினராக்கியது. குறை கூறப்படுவோரே குறை கேட்போருமாயினர். 2020-இல் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் தாக்குண்டு மாண்டபோது, உண்மையைத் தேடி நடுவரை அனுப்பியது உயர் நீதிமன்றமே அன்றோ!

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன்மேல் வந்த வழக்கில் தன்னையே குற்றவாளி எனக் கண்டு உயிர் நீத்தான். அந்நெஞ்சுரத்தை எல்லா அலுவலரிடத்தும் எதிர்பார்த்துச் சட்டம் இயற்றலாகாது. கண்ணகிக்கு அரண்மனை வாயில் திறந்ததும் கோவலன் மாண்ட பின்னரே. எம்மாநிலமாயினும், முறையீட்டு ஆணையம் துறைக்குப் புறத்தே நிற்றல் வேண்டும். அதன் வாயில் உயிர் போகுமுன்னரே திறந்திருத்தல் வேண்டும்.