பிடியரிசியும் பொதுநிதியும்

கிராமப் புனருத்தாரணம் என்னும் சொல் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அதனைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன்பொருட்டுப் பொருள் திரட்டுவோரும் பலர். ஆயினும், திரட்டிய பொருள் செலவழிந்தபின் அக்கிராமம் முன்னினும் வலிமை பெற்றுத் தன் காலில் நிற்கின்றதா என்று வினவுவோர் சிலரே. புறத்தேயிருந்து வரும் உதவி எத்துணைப் பெரிதாயினும், ஊரார் தாமே கொடுத்துத் தாமே ஆளும் பொதுநிதி ஒன்று அவ்வூரில் இல்லையேல், அவ்வுதவி மணலிற் பெய்த மழையாய்விடும் என்பதே நம் கருத்து. இதற்குச் சான்று தேடித் தூர தேசங்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. விருதுநகரும் சிவகாசியும் அடங்கிய, வானம் பார்த்த கரிசற் பூமியே போதிய சான்று தரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், விருதுபட்டி என அந்நாளில் வழங்கிய விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களிலும் நாடார் சமூகத்தார் குடியேறி வணிகம் செய்தனர். வண்டிப் பாதைகளிற் கள்வர் பயம் மிகுந்திருந்த காலம் அது. ஆகவே, வண்டியும் மாடும் சரக்கும் அச்சமின்றித் தங்குதற்குரிய பேட்டைகளை அவர்கள் அமைத்தனர். பேட்டையைப் பயன்படுத்திய வணிகர் ஒவ்வொருவரும் தம் வருவாயில் ஒரு சிறு பகுதியைப் பொதுவுக்கென ஒதுக்கினர். அதற்கு 'மகமை' என்று பெயர். அதனை ஆண்ட சபைக்கு 'உறவின்முறை' என்று பெயர். வசூலும் செலவும் பார்க்கும் முறைகாரர் பதவி முறை மாற்றி வகிக்கப்பட்டது. அந்நிதியினின்று கிணறுகள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன, பின்னர்ப் பள்ளிகளும் எழுந்தன.

1885-ஆம் ஆண்டில் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறே தோன்றியது. அதன் பராமரிப்புக்கு மகமையோடு பிடியரிசியும் துணை நின்றது. அன்றாடம் உலை வைக்கும்போது வீட்டுப் பெண்டிர் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். அது சேர்ந்தபின் பள்ளிக்கென வாங்கிச் செல்லப்படும். பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதல்வராய் விளங்கிய காமராசர் சிறுவராய்க் கற்றது அப்பள்ளியிலேயாம். 1956-ஆம் ஆண்டில் அவரது ஆட்சி பள்ளிகளில் மதிய உணவை நடைமுறைப்படுத்தியபோது, செலவில் அறுபது பங்கை அரசினரும் நாற்பது பங்கை ஊராரும் ஏற்பதென வகுக்கப்பட்டது. பிடியரிசியால் நடந்த பள்ளியிற் பயின்றவர், ஊரார் பங்கின் பெருமையை அறியாதிருப்பரோ?

இம்முறை ஓர் ஊர்க்கோ ஒரு சமூகத்துக்கோ மட்டும் உரியதன்று. மிஜோரம் மலைநாட்டுத் திருச்சபையார் 1910 முதலாக ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துத் தம் ஊழியத்தை நடத்தி வருகின்றனர். 1903-இல் திருநெல்வேலியில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவர்தம் தோழர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தபோது, பொருளும் ஆளும் நிர்வாகமும் இந்நாட்டாருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்று விதித்துக்கொண்டனர். கொடுப்பவன் எவனோ அவனே காரியத்துக்கு உடையவன் என்னும் உண்மையை இவர்கள் யாவரும் தெளிந்திருந்தனர்.

மகமையின் வெற்றிக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, எல்லாரும் கொடுத்தனர். ஆதலின் பெறுவோர்க்கு நாணம் இல்லை. இரண்டாவது, கொடை மனவெழுச்சியைச் சார்ந்திராமல் அன்றாடத் தொழிலையும் அடுப்பையும் சார்ந்திருந்தது. ஆதலின் அது வற்றவில்லை. மூன்றாவது, கொடுத்தவர்க்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது. ஆதலின் நிதி ஒருவர் கையிற் சிக்கவில்லை.

குறைகளையும் மறைத்தலாகாது. மகமை ஒரு சமூகத்தின் உறவின்முறைக்குள் நின்றது. அதே ஊரில், அதே வெயிலில் உழைத்த ஏனைய சாதியார்க்கு அச்சபையில் இடமில்லை. மேலும், கலயத்தில் அரிசியிட்ட கை பெண்ணின் கை. சபையில் வாக்களித்த கை ஆணின் கை. முறை சிறந்தது, அதன் எல்லை குறுகியது. முறையைக் கைக்கொண்டு எல்லையை அகற்றுதலே இக்காலத்தார் கடமை.

இனி, அப்பகுதியின் இற்றை நிலையைக் காண்போம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். மறு ஆண்டிலேயே சிவகாசியில் அத்தொழில் தொடங்கிற்று. 1940-ஆம் ஆண்டை அடுத்துப் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. மழை பொய்த்த நிலத்து மக்களுக்கு அவை கஞ்சி வார்த்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கஞ்சியின் விலை பெரிது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பதின்மர் அளவினர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவையிரண்டும் பலரறிந்தவை, அறியப்படாமற்போன சிறு விபத்துக்கள் பல.

ஒவ்வொரு விபத்தின் பின்னும் நிகழ்வது யாது? சில நாட்கள் உதவி வெள்ளமெனப் பாய்கின்றது. அரிசி மூட்டைகளும் ஆடைகளும் வருகின்றன. அரசினர் நிவாரணத் தொகை அறிவிக்கின்றனர். பின்னர் வெள்ளம் வடிகின்றது. ஆனால் தாயை இழந்த சிறுமிக்குப் பள்ளிச் செலவு பத்தாண்டுகளுக்கு வேண்டும். தீப்புண் பட்ட கைக்கு மருத்துவம் ஆண்டுக்கணக்கில் வேண்டும். பத்து நாள் இரக்கம் பத்தாண்டுத் தேவைக்கு ஈடாகுமோ?

தொண்டு நிறுவனங்கள் பொருள் திரட்டும் முறையிலும் ஒரு குறை உண்டு. வெந்த உடம்பையும் அழுத முகத்தையும் படமெடுத்துக் காட்டியே பொருள் கேட்கும் வழக்கம் பெருகியுள்ளது. அப்படத்தினால் பணம் வரக்கூடும். படத்திலுள்ளாரின் மானமோ போய்விடும். ஓர் ஊரை என்றும் இரந்து நிற்கும் ஊராகக் காட்டுவோர், அவ்வூரார் தம்மைத் தாமே அங்ஙனம் எண்ணுமாறும் செய்துவிடுகின்றனர்.

ஆகவே நாம் வேண்டுவது இது. பட்டாசுத் தொழிலாளர் வாழும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு பொதுநிதி அமைதல் வேண்டும். வாரக்கூலி பெறும் நாளில் ஒவ்வொரு வீட்டாரும், எத்துணைச் சிறிதாயினும், ஒரு தொகை இடுதல் வேண்டும். ஊரார் 'பயர் ஆபீஸ்' என்று வழங்கும் பட்டாசு ஆலைகளின் உரிமையாளரும் வணிகரும், அனுப்பும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் சிறு மகமை ஒதுக்குதல் வேண்டும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெரிய கம்பெனிகளின் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நலத்துக்கென விதிக்கின்றது. இப்பகுதியின் ஆலைகளிற் பெரும்பாலானவை அச்சட்டத்தின் அளவுகோலுக்கு எட்டாத சிறியவை. சட்டம் எட்டாத இடத்துக்கு மகமை எட்டும்.

அந்நிதியை ஆளும் சபையில் எல்லாத் தெருவினரும் இருத்தல் வேண்டும். செம்பாதியினர் பெண்டிராதல் வேண்டும். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களிற் கிராமசபை கூடுமன்றோ? ஆங்கு வரவும் செலவும் உரக்க வாசிக்கப்படுதல் வேண்டும். கல்விக்குக் கொடுக்குங்கால் கடனாகக் கொடுத்தல் நன்று. 1910-இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் பொதுநிதியினின்று மாணவர்க்குக் கல்விக் கடன் அளித்தது. கற்றவர் பொருளீட்டித் திருப்பிய தொகை மற்றொரு மாணவர்க்கு ஏணியாயிற்று. தொண்டு நிறுவனமோ, ஊரார் திரட்டிய அளவுக்கு ஏற்பத் தானும் ஒரு பங்கை இடுவதாக உறுதி கூறி, ஊரார்க்குப் பின்னே நிற்றல் வேண்டும்.

இதற்கு இரு தடைகள் கூறப்படும். ஏழைத் தொழிலாளர் எங்ஙனம் கொடுப்பர் என்பது ஒன்று. 1990-இல் மதுரைப் பகுதியில் தொடங்கிய களஞ்சியம் என்னும் மகளிர் இயக்கம் இதற்கு விடை கூறும். கூலிவேலை செய்யும் பெண்கள் சிறுகச் சேர்த்துத் தமக்குள்ளே கடன் கொடுத்து வாங்கி, கந்துவட்டிக்காரன் வாசலுக்குச் செல்லாமல் வாழக் கற்றனர். ஏழைக்குக் கொடுக்கும் மனமுண்டு. கொடுத்தது எங்கே போயிற்று என்று அறியும் உரிமையே இல்லாதிருந்தது.

மற்றொரு தடை வலியது. ஊரார் தாமே நிதி திரட்டினால் முதலாளியும் அரசினரும் தம் கடமையினின்று நழுவிவிடுவர் என்பது. இவ்வச்சம் பொய்யன்று. நஷ்டஈடு தொழிலாளியின் உரிமை. பாதுகாப்பு சட்டத்தின் ஆணை. இவற்றுக்குப் பதிலாக எந்த நிதியும் நிற்கலாகாது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் நலநிதிக்குச் செலுத்துமாறு ஆணையிட்டது. அத்தகைய ஆணைகள் ஏட்டளவில் நில்லாது ஊரளவில் நடைபெற வேண்டுமாயின், கேட்பார் வேண்டும். கையிற் பொதுநிதியும், கூடுதற்கு ஒரு சபையும் உடைய ஊரே அஞ்சாமற் கேட்கும். நாளைக் கஞ்சிக்கு முதலாளியின் முகத்தையே பார்த்திருப்பவன் இன்றைய ஆபத்தைப் பற்றி வாய் திறவான். 2018-இல் உச்சநீதிமன்றம் சரவெடியையும் பேரியம் கலந்த பட்டாசையும் தடுத்தபின், ஆலைகள் பல மாதங்கள் மூடிக்கிடந்தன. அக்காலத்தில் கடன் வாங்கியே உயிர் தாங்கிய குடும்பங்கள் பல. ஊர்தோறும் ஒரு நிதி இருந்திருப்பின், அவர்கள் பட்ட துன்பம் ஓரளவேனும் குறைந்திருக்கும்.

மாணவ நண்பர்களே! ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஆனால் வடத்தைப் பற்றுதற்கு முன் வடம் இருத்தல் வேண்டும். கணக்கு எழுதவும், கணக்கை வாசித்துக் காட்டவும், கணக்குக் கேட்க அஞ்சாதிருக்குமாறு ஊர்ப் பெண்டிரைப் பழக்கவும் உங்களால் இயலும். விடுமுறைக் காலத்து முகாமில் ஒரு சுவருக்கு வெள்ளையடித்துத் திரும்புவதினும் இது பயனுடைய தொண்டாகும். பழைய மாணவர்களே! கல்வெட்டிற் பெயர் பொறிக்குமாறு ஒருமுறை பெருந்தொகை தருதலினும், பெயர் அறியாத ஓர் ஊரின் நிதிக்கு மாதந்தோறும் சிறுதொகை அனுப்புதல் மேலானது. நீங்கள் நிறுத்தினாலும் நில்லாத நிதியாக அது வளர்ந்த நாளே உங்கள் கொடை நிறைவெய்திய நாளாம்.