மங்கிய ஒளியில் ஒரு படம்

சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அச்செய்தியைப் படித்த பின்னரே உசிலம்பட்டியிலுள்ள எங்கள் உறவினர் மகளும் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தாள்.

மண்டபத்தில் இரண்டே டியூப் லைட்டுகள். அவள் ஸ்டிரைக்கரைச் சுண்டும் வேளையில் அவளுடைய அத்தாவின் கைபேசி ஃபிளாஷ் மின்னியது, குறி தவறியது. படத்திலும் பலகையின் பளபளப்பைத் தவிர வேறொன்றும் தேறவில்லை.

தாய்மார்களே, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். சுண்டுவதற்கு முன் விரல் ஒரு கணம் அசையாது நிற்கும். அதைப் பிடிக்க நொடியில் 100இல் ஒரு பங்கு போதும். இறகுப்பந்துக்கோ 500இல் ஒரு பங்காவது வேண்டும். வெளிச்சமும் ஐந்து மடங்கு தேவை. பழைய சோக் பொருத்திய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வதால், அவ்வேகத்தில் ஒரு படம் வெளுத்தும் மறுபடம் இருண்டும் விழும். கைபேசித் திரையில் பிள்ளையின் முகத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். முகத்திற்கேற்ப ஒளி அமையும். எதிரே அமர்ந்திருப்பது பிறர் வீட்டுப் பிள்ளை; பெற்றோரைக் கேளாமல் அப்படத்தை எங்கும் அனுப்பலாகாது.

அடுத்த ஆட்டத்தில் அத்தா கைபேசியைத் தொடவே இல்லை. அவள்தான் விரலை நிறுத்தி, "இப்ப எடுங்கத்தா" என்றாள்.