கேழ்வரகு விளையும் ஊரில் நீரிழிவு மாத்திரை

2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி, கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளி கிராமத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய வியாதியுள்ளவர்களின் வீடு தேடிச் சுகாதார ஊழியர்கள் சென்று மருந்து கொடுப்பது இதன் முக்கிய அம்சம். திட்டம் போற்றத்தக்கதே. ஆனால் அது தொடங்கிய இடத்தைக் குடியானவர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். அந்த ஜில்லா கேழ்வரகுக்குப் பேர்போன பூமி. தலைமுறை தலைமுறையாகக் களி தின்று மேட்டு நிலத்தில் பாடுபட்ட சீமையிலும் இம்மாத்திரை வேண்டியிருக்கிறதென்றால், அதன் காரணத்தை ஆஸ்பத்திரியில் தேடிப் பயனில்லை. களத்திலும் அடுக்களையிலுமே தேட வேண்டும்.

2019-21-ம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேரும், புருஷர்களில் 37 பேரும் உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். 2023-ம் வருஷம் நவம்பர் மாதம் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று ஜில்லாதோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஏற்படுத்தப்பட்டது. இவையெல்லாம் பட்டணவாசிகளுக்கே என்று நிலச்சுவான்தார்கள் எண்ணுவது சரியன்று. நாற்று நடுபவளுக்கும் களை எடுப்பவளுக்கும் நடைபாதை தேவையில்லை என்பது வாஸ்தவம். ஆனால் உழவு டிராக்டரிலும், அறுப்பு இயந்திரத்திலும், வரப்பு வரையில் பிரயாணம் மோட்டார் சைக்கிளிலுமாக ஆன பின், நிலத்துக்குச் சொந்தக்காரரின் தேகம் குமாஸ்தாவின் தேகத்துக்குச் சமமாகிவிட்டது. வயது வந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது விரைந்த நடை முதலிய உழைப்பு வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. தினம் காலையில் தம் நிலத்தைக் கால்நடையாகச் சுற்றிவரும் குடியானவருக்கு இது பெரிய காரியமன்று. மடை உடைந்திருப்பதும் பூச்சி விழுந்திருப்பதும் அப்போது கண்ணில் படும்.

ஆகார விஷயந்தான் இதைவிட முக்கியமானது. 2025-26-ம் வருஷத்துக்குக் கேழ்வரகின் ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். சாதாரண நெல்லுக்கு 2,369 ரூபாய். விலை நல்ல விலை. விளைவு என்னவெனில், குடியானவர் கேழ்வரகு முழுவதையும் மூட்டை கட்டி விற்றுவிட்டு, 2011-ம் வருஷம் முதல் ரேஷன் கடையில் விலையின்றிக் கிடைத்துவரும் தீட்டிய அரிசியை மூன்று வேளையும் உண்கிறார். கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது. அதே எடை தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. நார்ச்சத்திலும் இவ்வாறே பேதமிருக்கிறது. விற்பது தவறன்று. வீட்டுக்கு ஒன்றும் வைக்காமல் விற்பதே தவறு.

ஐந்து பேருள்ள குடும்பத்தில் ஆளுக்குத் தினம் 150 கிராம் வீதம் வருஷத்துக்குச் சுமார் 275 கிலோ கேழ்வரகு வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு 600 கிலோ கண்டாலும் அரை ஏக்கர் போதும். அதில் சால் விட்டு அவரையோ மொச்சையோ போட்டால் குழம்புக்கும் அதிலேயே கிடைத்துவிடும். பெரிய பண்ணைக்காரருக்கு இந்த அரை ஏக்கர் ஒரு பொருட்டல்ல. வேலையாட்களுக்கும் அதே தானியத்தில் ஒரு பங்கு கொடுப்பது அவருக்கு அழகு.

சிறுதானியம் என்ற பெயரைக் கண்டு மயங்கவும் கூடாது. சாமை, வரகு, தினை இவற்றைப் பூப்போல வெளுக்கத் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். உமியை மட்டும் நீக்கச் சொல்லி மில்காரரிடம் கண்டிப்பாயிருக்க வேண்டும். நைஸ் மாவில் சர்க்கரை கலந்து காய்ச்சிய கஞ்சியை நீரிழிவுக்காரர் நம்பக் கூடாது; கீரை, பருப்போடு அளவாக உண்ணும் களியே அவருக்கு ஏற்றது. பட்டணத்துக் கடைகளில் அழகிய பொட்டலங்களில் விற்கும் சிறுதானிய பிஸ்கோத்துகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை!

2023-ம் வருஷம் மே மாதத்தில் தர்மபுரி, நீலகிரி ஜில்லாக்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இவ்வேற்பாடு கேழ்வரகு விளையும் எல்லா ஜில்லாக்களிலும் நிலைபெற வேண்டும். பிரசாரத் துண்டுகள் ஆயிரம் அச்சிடுவதைக் காட்டிலும் கடையில் ஒரு மூட்டை இருப்பது மேல். அது வேண்டுமென்று கிராம சபையில் தீர்மானம் செய்ய ஊராட்சித் தலைவர்களுக்கு வழியிருக்கிறது. அச்சபைக்கு வருவோருக்கு வடையும் இனிப்பும் கொடுப்பதை நிறுத்திக் கொள்ளுச் சுண்டல் கொடுத்தால் செலவும் குறையும்.

ஸ்திரீகள் களியைக் கைவிட்டது ருசியினாலன்று, வேலையினால். தார் ரோட்டில் கதிரைப் பரப்பி வண்டிச் சக்கரத்தில் அடிபட விடுவதால் சேரும் கல்லையும் மண்ணையும் பொறுக்குகிறவர்கள் அவர்களே. ஆதலால் களிக்கு ஆசைப்படும் புருஷர்கள், கதிரைச் சுத்தமான களத்தில் அடித்து, தூற்றி, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துக் கொடுப்பதைத் தங்கள் பொறுப்பாகக் கொள்ள வேண்டும். ஆடிப் பட்டத்தில் நாற்று விட்டு நடுவதானால் அரை ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும்.