அட்டைக்குப் பயம், ஆற்றுக்குப் பயம் இல்லையா?

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று 2023 டிசம்பரில் மலேசியா கதவைத் திறந்துவிட்டாலும் விட்டது, இங்கிருந்து போகிற கூட்டம் கூடிவிட்டது. இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன் கோவிலோடு திரும்பாமல், "மழைக்காட்டையும் ஒரு கை பார்த்துடலாம்" என்று சிலர் பகாங் பக்கம் கிளம்புகிறார்கள்.

அங்கே இருப்பது 'தாமான் நெகாரா' காடு. பரப்பு 4,343 சதுர கிலோ மீட்டர். தெம்பிலிங் ஆற்றில் நீளமான மரப்படகில் சவாரி. பிறகு காட்டுக்குள் கூடாரம் அடித்து ராத்தங்கல். மழை கொட்டினால் இன்னும் குஷி!

போய் வந்தவர்களைக் கேட்டால் முதலில் அட்டைக் கதைதான். அட்டை என்ன செய்யும்? வயிறு நிறைந்தால் தானே உதிர்ந்துவிடும். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும்; அரிக்கும். அவ்வளவுதான். ஆளைக் கொல்வது அட்டை அல்ல, தண்ணீர்!

திடீர் வெள்ளம்

மேலே மலையில் மழை பெய்தால் போதும். கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு பொங்கி வரும். மலேசியாவில் இதற்கு 'கெப்பாலா ஆயர்' என்று பேர். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அந்த நிமிடமே கரையேற வேண்டும். மணல் திட்டு மெத்தை மாதிரி இருக்கிறதே என்று அங்கே கூடாரம் போட்டால், தூங்குகிறவனை ஆறு தூக்கிக்கொண்டு போகும்.

2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் பலியானார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. ஓடாத ஏரித் தண்ணீரிலேயே இந்தக் கதி என்றால், மழையில் பொங்குகிற ஆறு சும்மா விடுமா?

ஊர் திரும்பியதும் காய்ச்சல்

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. 2000-ம் ஆண்டு போர்னியோ தீவின் சபா மாநிலத்தில் 'ஈகோ சேலஞ்ச்' என்ற சாகசப் போட்டி நடந்தது. வெளிநாட்டு வீரர்கள் செகாமா ஆற்றில் நீந்தினார்கள். ஊர் போனதும் காய்ச்சல்! விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறி. 29 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை.

எலி போன்ற பிராணிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வருகிற நோய் இது. 4 வாரம் கழித்துக்கூட தலைகாட்டும். காய்ச்சல் என்று டாக்டரிடம் போகிறவர்கள், காட்டு ஆற்றில் இறங்கியதையும் சொல்லித் தொலைக்க வேண்டும்.

டூர் டிக்கெட் விற்கிறவர்கள் அட்டைக்கு உறை விற்றால் மட்டும் போதாது. ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை உண்டா என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லட்டும். பயணிகளும் அதைக் கேட்டு வாங்கி மாட்டட்டும்.

"இன்னிக்கு ஆறு சரியில்லை" என்று படகுக்காரர் கையை விரித்தால், கூடுதல் காசை நீட்டி வற்புறுத்தாதீர்கள். அவர் கெடுப்பது உங்கள் சவாரியை அல்ல. காப்பது உங்கள் உயிரை!