கலைக்குக் கொடுக்கும் பணம் யாருக்கு?



கம்பெனிகள் கலைக்கு வாரி வழங்குவதாகப் புகழ்மாலை சூட்டுகிறார்கள். வழங்கட்டும். அந்தக் கலை யார் வாசலுக்கு வருகிறது? அதுவே நம் கேள்வி.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ஆண்டில் 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் காணும் கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கலை, பொது நூலகம், மரபுக்கலை வளர்ச்சி ஆகியவையும் அந்தப் பணிகளில் அடங்கும். ஆகவே இது வள்ளல்தனம் அல்ல, சட்டக் கடமை. லாபமோ நம் வியர்வை!

"சேரிக்குத் தண்ணீரும் கக்கூசும் போதாதா, கலை எதற்கு?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்கள் 2015-இல் மும்பை தாராவியில் நடந்த கலைவிழாவைப் பார்க்கட்டும். லண்டன் வெல்கம் அறக்கட்டளையின் பண உதவியுடன் ஸ்நேகா தொண்டு நிறுவனம் அதை நடத்தியது. தாராவி மக்களே கலைஞர்களோடு சேர்ந்து படைப்புகள் செய்தார்கள். உடல்நலத்தைப் பற்றிப் பேசினார்கள். பெண்கள் வீட்டுக்குள் படும் அடி உதையையும் ஊரறியச் சொன்னார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் துணியும் வர்ணமும் சொல்லின. தண்ணீர் உயிர் காக்கும். கலை வாய் திறக்க வைக்கும். இரண்டும் வேண்டும்!

கலை நிறுவனங்களே, பளிங்கு மண்டபத்தில் பெயர்ப்பலகை மாட்டுமுன் குடிசைப் பகுதியில் நூலகம் திறவுங்கள். பறையும் கூத்தும் கற்பிக்கும் ஆசானுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள்.

இந்தச் செலவைக் கம்பெனி தன் ஆண்டறிக்கையில் காட்டியாக வேண்டும். கிளைத் தோழர்களே, அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், மனுக் கொடுங்கள். நம் பிள்ளைகள் அரங்கத்தைக் கூட்டிப் பெருக்க மட்டும் உள்ளே போனது போதும். இனி மேடை ஏறட்டும்!